ஏலமலைத் தை மாசிப் பணிகள்

பொட்டிபுரத்துக்கும் போடிநாயக்கனூர்க்கும் மேற்கே உயர்ந்துள்ள ஏலமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வரியையும் வாணிகத்தையுமே பெரிதும் ஆராய்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பண்டமாயிருந்தமையின், கொள்முதற் கணக்கில் நின்றது பறித்த காயே. காய்ப்பறிப்பு ஓயும் தை, மாசித் திங்கள்களில் அடிவாரத்துத் தமிழ்மக்கள் மலையேறி ஆற்றும் பணியை யாம் இங்குச் சுட்ட விழைகின்றோம்.

காய்த்து முதிர்ந்த தட்டைகளை அறுத்து நீக்குவர். இளந்தட்டைக்கு ஊறு நேராமை வேண்டும். தூரடியில் புதிய சரம் தோன்றும் பருவமும் அதுவே. சருகு மூடாக்கு, கோடை கழியுமளவும் வேரின் ஈரத்தைக் காக்கும். இவ்வறுப்பு ‘கவாத்து’ எனப்படும். படைப்பயிற்சிக்கும் இச்சொல்லே வழங்குதல் சொல்லாராய்ச்சியார் நோக்கத்தக்கது.

அடுத்த பறிப்பின் விளைவு இப்பணியைச் சார்ந்ததாகவும், அது செய்தோர் வரலாற்றில் இடம்பெறாமை பெருங்குறையே. தோட்டக் கூலிப் பேரேடுகளைக் கறையான் அரிக்குமுன் ஆராய்ச்சி மாணவர் தேடித் தொகுப்பாராக.