கம்பி வைத்த பல் செட்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சின்ன லேபில் முப்பது வருஷத்துக்கு மேல் பல் கட்டியிருக்கிறேன். உடைந்து திரும்பி வரும் மேல் செட்டைப் பார்க்காமலே சொல்வேன்: முன்பல் இரண்டுக்கும் நடுவே, உதட்டுச் சவ்வுக்காக வெட்டிவிட்ட பள்ளத்தில் கீறல் தொடங்கியிருக்கும், அண்ணம் நடுவாக இரண்டு பாதி.

தொண்ணூறுகளில் திருவொற்றியூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார், லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எட்டு மாதத்தில் மூன்று முறை உடைத்தார். "இன்னா தம்பி, பல் கட்டிக் குடுக்கிறியா, அப்பளம் பொரிச்சுக் குடுக்கிறியா?" என்பார். ராத்திரி நறநறவென்று கடிப்பதாகச் சொன்ன அவர் மனைவி, வயிற்றில் பூச்சி என்று மருந்தும் கொடுத்துப் பார்த்தாராம். கழற்றிவைத்துத் தூங்கச் சொன்னால், பேத்தி பயப்படுகிறாள் என்று மறுத்துவிட்டார்.

என் வாத்தியார் ஈவினிங் பஜார் சீனப் பல் டாக்டர் ஒருவரிடம் தொழில் படித்தவர். ரப்பர் செட்டின் கடைசிக் காலத்தைப் பார்த்தவர். கந்தகம் கலந்து வேகவைத்த அந்தச் செங்கல் நிற ரப்பருக்கு அமெரிக்காவில் ஒரு கம்பெனி உரிமைப்பணம் கேட்டுப் பல் டாக்டர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. கடைசியில் 1879-இல் அதன் பொருளாளர் ஜோசையா பேக்கனை ஒரு பல் டாக்டர் சுட்டே கொன்றார். 1937-இல் அக்ரிலிக் வந்தது. 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூர்க் கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார், பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. ஊருக்குள் ரப்பர் தொழில் நுழைந்த அந்தச் சமயத்தில் வாய்க்குள்ளிருந்து ரப்பர் வெளியேறிக்கொண்டிருந்தது.

அக்ரிலிக் ஈறு நிறத்தில் அழகாக இருக்கும். ஆனால் திரும்பத் திரும்ப வளைத்தால் களைத்துப்போய்க் கீறல் விடும். அதற்கு நாங்கள் கண்ட வைத்தியம், உள்ளே ஒரு ஸ்டீல் கம்பி. பெரியவருக்கும் வைத்தேன். நான்காம் முறையும் உடைந்தது; இரண்டு பாதியும் கம்பியில் கீல் மாதிரி ஆடின. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உடைந்த இடத்தைப் பார்த்தார். "கம்பியைச் சுத்தி சந்து இருக்கே. இது எங்க புடிக்கும்? உள்ள இருந்து பொளக்குது." உண்மைதான். வழவழப்பான உலோகத்தை அக்ரிலிக் பிடிப்பதில்லை. வாத்தியார் காலத்திலிருந்து நாங்கள் பலம் என்று வைத்ததே பல நேரம் பலவீனம்.

கோபால்ட் குரோம் தகடுதான் வழி என்றேன். 1907-இல் எல்வுட் ஹெய்ன்ஸ் பேடன்ட் எடுத்த உலோகத்தின் வழி வந்தது. "டூல் பிட்டுக்குப் போடுற ஸ்டெல்லைட்டா!" என்று சிரித்தார். அதை உருக்க 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். என் அடுப்புக்கு அது ஆகாது. மெழுகில் வடிவம் செய்து, வார்ப்பு மெஷின் உள்ள லேபுக்கு அனுப்பினேன். அண்ணம் முழுக்க அரை மில்லிமீட்டர் தகடு, ஓரத்தில் அக்ரிலிக் புகுந்து பிடிக்க வலைக்கண். மாட்டிய அன்று எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தார். "அண்ணத்துல சூடு தெரியுது தம்பி. எத்தினி வருஷமாச்சு!"

மூன்று வருஷம் கழித்து மறுபடி வந்தார். தகடு அப்படியே பளபளவென்று இருந்தது. அதன்மேல் நான் வைத்த பல் பதினாலும் தேய்ந்து சப்பையாகியிருந்தன.