இரண்டு அரசாங்கங்களும் ஜெஞ்சாரோம் மக்களும்



நம் நாட்டில் ஒரே மண்ணை இரண்டு அரசாங்கங்கள் ஆளுகின்றன. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது வந்த அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுத்தது. கல்வி, தொழிலாளர் நலன், வெளிநாட்டு வாணிபம் முதலியவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலம், காடு, உள்ளூராட்சி ஆகியவை மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. ஏட்டில் இது தெளிவாக இருக்கிறது. ஆனால் துன்பம் அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. இதை நாம் ஜெஞ்சாரோமில் கண்டோம்.

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் ஜெஞ்சாரோம். சுமார் 30 ஆயிரம் பேர் வாழும் இடம். 2018 ஜனவரியில் சீனா, பிற நாடுகளின் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியது. திசை மாறிய குப்பை நம் துறைமுகங்களுக்கு வந்தது. அந்த ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல் மலேசியாவில் இறங்கியது. ஜெஞ்சாரோமின் செம்பனை மரங்களுக்கு அப்பால் உரிமம் இல்லாத தொழிற்சாலைகள் முளைத்தன. பயன்படாத கழிவை இரவில் எரித்தார்கள். மக்கள் மூச்சுத் திணறி, இருமலோடு விழித்தார்கள்.

யாரிடம் முறையிடுவது? கழிவை இறக்க அனுமதி தருவது மத்திய அரசாங்கம். புகையைக் கண்காணிக்கும் சுற்றுச்சூழல் துறையும் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது. தொழிற்சாலை நிற்கும் நிலமோ மாநிலத்தின் அதிகாரத்தில்; வியாபார உரிமம் உள்ளூராட்சி மன்றத்தின் கையில். 2008 முதல் 2018 மே வரை சிலாங்கூரையும் நாட்டையும் வெவ்வேறு தரப்புகள் ஆண்டன. 2018 மே மாதத் தேர்தலுக்குப் பின் இரண்டிலும் ஒரே கூட்டணி அமர்ந்தது. அப்படியும் புகை தானாக நிற்கவில்லை.

ஊர் மக்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். தொழிற்சாலைகள் இருக்கும் இடங்களைத் தேடிக் குறித்தார்கள், படம் எடுத்தார்கள், இரு அரசாங்கங்களின் வாசலையும் தட்டினார்கள். 2018 ஜூலையில் 114 நிறுவனங்களின் இறக்குமதி அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 தொடக்கத்திற்குள் கோல லங்காட்டில் 33 சட்டவிரோதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் கழிவு, வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. மூடிய தொழிற்சாலைகள் ஜெஞ்சாரோமில் விட்டுச் சென்ற குப்பை 17 ஆயிரம் டன். சில தொழிற்சாலைகள் வேறு இடத்துக்குப் பெயர்ந்தன என்றும் மக்கள் சொன்னார்கள். ஆகவே அவர்களின் நம்பிக்கை பாதிதான் திரும்பியது. அந்தப் பாதியும் அவர்கள் விடாமல் கேட்டதால் வந்தது.

தோட்டத்து மக்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் தருவது மத்திய அரசாங்கம். ஆனால் பள்ளிக்கு நிலம் வேண்டுமானால் மாநில நில அலுவலகத்தை நாட வேண்டும். சம்பளப் பிடித்தத்துக்குத் தொழிலாளர் இலாகா. வீட்டு நிலப் பட்டாவுக்கு நில அலுவலகம். எந்த வாசல் என்று தெரியாதவனை வாசலுக்கு வாசல் அலைய விடுவது எளிது. அலைந்து களைத்தவன் "எல்லா அரசாங்கமும் ஒன்றுதான்" என்று வெறுத்து உட்கார்ந்துவிடுகிறான்.

எனவே மனுவை எழுத்தில் கொடுப்போம். நகல் ஒன்றை வைத்துக்கொள்வோம். தேதியைக் குறித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்போம். பொறுப்பு இருவருக்கும் உண்டென்றால் இருவருக்கும் அனுப்புவோம். பதில் வரும்வரை கேட்போம். அரசாங்கத்தின் மீது நாம் வைக்கும் நம்பிக்கை, கொடுத்த கடனைப் போன்றது. கணக்கு வைத்திருப்பவனுக்கே அது திரும்பி வரும்.