வேலூர் 1806: தலையில தோல், தோள்ல துப்பாக்கி

வேலூர்க் கோட்டைன்னதும் 1806 ஜூலை 10, சிப்பாய் புரட்சி, தலைப்பாகைன்னு ஸ்கூல்ல படிச்சதெல்லாம் ஞாபகம் வரும். அந்தச் சிப்பாய்கள் கையில இருந்த துப்பாக்கி பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல. இன்னைக்கு அதைப் பார்ப்போம். அந்த நாள் எப்படி முடிஞ்சதுங்கிறதுல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

ஒப்பிட்டுப் பார்க்க, முதல்ல நம்ம காலத்துத் துப்பாக்கி ஒண்ணை எடுத்துக்குவோம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில செஞ்ச இன்சாஸ் ரைஃபிள். குழலுக்குள்ள சுருள் சுருளா பள்ளம் வெட்டியிருக்கும். அதுல சுழன்றபடி வெளிய வர்றதால 5.56 மி.மீ. குண்டு தடம் மாறாம போகும். மேகசின்ல 20 தோட்டா. ஒண்ணு வெடிச்சதும் அந்த வாயுவோட அழுத்தமே காலித் தோட்டாவை வெளிய தள்ளி, அடுத்ததை ஏத்திடும். 400 மீட்டர் வரைக்கும் குறி வைக்கலாம்.

1806ல இதுல எதுவும் கிடையாது, எடையைத் தவிர. ரெண்டுமே நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலதான்! கம்பெனி தன் படைகளுக்காகச் செய்ய வச்ச மஸ்கெட் அது. பிரான்ஸோட போர் வந்து துப்பாக்கிப் பஞ்சம் ஏற்பட்டப்போ, பிரிட்டிஷ் ராணுவமே கம்பெனிகிட்ட வாங்கி, 'இந்தியா பேட்டர்ன்'னு பேர் வச்சுக்கிச்சு. குழல் 39 அங்குலம், உள்ள வழவழன்னு இருக்கும், பள்ளமே கிடையாது. நூறு கெஜம் தாண்டினா குண்டு எங்க போகும்னு சுட்டவருக்கே தெரியாது.

சுடுறதும் பெரிய வேலை. காகிதத் தோட்டாவைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும். கொஞ்சம் மருந்தை பக்கத்துல இருக்கிற கிண்ணியில போட்டு மூடணும். மீதி மருந்தையும் ஈயக் குண்டையும் குழல் வாய் வழியா போட்டு, கம்பியால இடிக்கணும். அப்புறம்தான் விசை. சக்கிமுக்கிக் கல் இரும்புல உரசி, பொறி பறந்து, மருந்து பத்திக்கும். மழை பெஞ்சா அதுவும் சந்தேகம். நல்லாப் பழகினவர் நிமிஷத்துக்கு மூணு தடவை சுடுவார்.

அந்தக் கல் நழுவாம இருக்க, ஒரு துண்டுத் தோல் சுத்தித்தான் மாட்டுவாங்க. தோட்டாப் பை தோல். மார்புக்குக் குறுக்கே போற பட்டையும் தோல். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஆட்களுக்குத் தோல் புதுசில்ல, சிப்பாய்க்கும் அப்படித்தான். அப்போ தலைப்பாகையில வச்ச தோல் குஞ்சத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு கோபம்? வெறும் 'தோல் பிரச்சினை'ன்னு சொல்றது எனக்குப் போதுமானதா தெரியல. புதுத் தலைப்பாகை பார்க்க ஐரோப்பியத் தொப்பி மாதிரி இருந்தது. கூடவே நெற்றிக் குறி கூடாது, தாடியை எடு, மீசையை வெட்டுன்னு உத்தரவு. மதம் மாத்தப் போறாங்கன்னு பயந்தாங்க. எதிர்ப்புச் சொன்னவங்களுக்குக் கசையடி.

விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்கள் 69ஆம் படைப்பிரிவோட பாரக்ஸைச் சுத்தி நின்னு உள்ள சுட்டாங்க. கிட்ட நின்னு கூட்டமா சுடுறதுக்குன்னே செஞ்ச துப்பாக்கி அது. நூறுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரங்க செத்தாங்க. திப்புவோட மகன்களைக் காவல் வச்சிருந்த அதே கோட்டையில மைசூர்க் கொடி ஏறிச்சு.

தப்பிச்ச சுமார் 60 பேர் கோட்டை மதில் மேல, தோட்டா தீர்ந்து நின்னாங்க. ஆற்காட்டுல இருந்து குதிரைப்படையோட வந்த கில்லெஸ்பி, கயிறும் ஒரு சார்ஜென்டோட இடுப்புத் துணியும் பிடிச்சு மேல ஏறினார். தோட்டா இல்லாத அந்த 60 பேரைப் பயனெட்டோட ஓட விட்டார். எதிர்ல ஒருத்தர் மஸ்கெட்ல மறுபடி மருந்து போட 20 விநாடியாவது ஆகும். அந்த நேரத்துல பயனெட் பக்கத்துல வந்துடும். சிப்பாய்கள் பல பேர் வேற சிதறிப் போயிருந்தாங்க. அப்புறம் பீரங்கி வந்து கதவை உடைச்சது.

அரண்மனையில ஒளிஞ்சிருந்த நூறு பேர் அளவுக்கு வெளிய இழுத்துட்டு வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டாங்க. தலைப்பாகை உத்தரவு ரத்தாச்சு. கவர்னர் பென்டிங்க் 1807ல லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்.