நான்காவது வால்வு

உயிரிமருத்துவப் பொறியியலில் எம்.டெக். சேருகிற மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சித்ரா இதய வால்வு பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். உலோகவியல், பாய்ம இயக்கவியல், உடலியங்கியல் என்று பாடத்திட்டம் தனித்தனித் தாள்களாகப் பிரித்து வைத்திருப்பவை ஒரு சிறு வளையத்துக்குள் எப்படி ஒன்றாகச் சேருகின்றன என்பதை அந்தக் கதை காட்டும்.

அது ஒரு தொண்டைப்புண்ணில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் குழந்தைக்கு வரும் தொண்டைப்புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு அது வாதக் காய்ச்சலாக மாறும். மூட்டுவலி போய்விடும்; இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். படி ஏறினாலே மூச்சு வாங்கும். நெரிசலான வீடுகளில் வளரும் ஏழைப் பிள்ளைகளைத்தான் இந்த நோய் அதிகம் தேடி வருகிறது. முற்றிய நிலையில் வால்வை மாற்றுவதே வழி. ஆனால் 1970களில் செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நோய் ஏழைகளுடையது, விலையோ அவர்கள் கைக்கு எட்டாதது.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தானுக்கு இது பொறுக்கவில்லை. மருத்துவமனையும் பொறியியல் ஆய்வுக்கூடமும் ஒரே நிறுவனத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த பூஜப்புரா சாட்டல்மண்ட் அரண்மனை ஆய்வுக்கூடமானது. 1980இல் நாடாளுமன்றச் சட்டம் அந்த நிறுவனத்துக்குத் தேசிய முக்கியத்துவம் தந்தது. வால்வை உருவாக்கும் பொறியாளர் குழுவை ஜி.எஸ். புவனேஸ்வர் வழிநடத்தினார்.

உலோகக் கூண்டு ஒன்று, அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் வட்டத் தட்டு ஒன்று, இதயத் திசுவோடு வைத்துத் தைக்கத் துணி வளையம் ஒன்று. பார்க்க இவ்வளவுதான். ஆனால் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓர் ஆண்டில் சுமார் 3.7 கோடி முறை. கழற்றிப் பார்க்கவோ எண்ணெய் விடவோ வழியில்லை. ரத்தம் அதன்மேல் உறையக் கூடாது, சிவப்பணுக்கள் அதில் அடிபட்டு உடையவும் கூடாது.

முதல் மாதிரி, கூண்டின் தாங்கு கம்பியைப் பற்றவைத்த இடத்தில் முறிந்தது. இரண்டாவது, எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்தது. மூன்றாவதில் நீலக்கல் படிகத்தில் செய்த தட்டு. அது செம்மறி ஆட்டின் உடலுக்குள் உடைந்தது. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகு இப்படி ஆனால் எந்தக் குழுவுக்கும் மனம் தளரும். இவர்கள் மறுபடி வரைபலகைக்குப் போனார்கள்.

ஆய்வுக்கூடத்தில் தோற்பது எவ்வளவு பெரிய பேறு என்பதற்கு அதே காலத்திலேயே சான்று இருக்கிறது. ஷைலி நிறுவனத்தின் பியார்க்-ஷைலி குவி-குழித் தட்டு வால்வு 1979 முதல் விற்பனையில் இருந்தது. அதன் பற்றவைத்த கம்பி நோயாளிகளின் இதயத்துக்குள்ளேயே முறிந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1986இல் விற்பனை நின்றது. திருவனந்தபுரத்தில் அதே பலவீனம் சோதனை மேசையிலேயே பிடிபட்டது.

நான்காவது மாதிரியில் பற்றவைப்பே கிடையாது. விசையாழிகளுக்காக உருவான ஹெய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலப்புலோகத்தின் ஒரே துண்டிலிருந்து கூண்டு முழுவதையும் கடைந்தெடுத்தார்கள். தட்டுக்கு, செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணங்களில் ஏற்கெனவே பயன்பட்டுவந்த மிகை மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன். விலைமதிப்புள்ள படிகம் தோற்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாக்குப்பிடித்தது. மூடும்போது எழும் ஓசையும் மெல்லியதாகிவிட்டது. இரவில் தன் மார்புக்குள் டிக் டிக் என்று கேட்டபடி தூங்கவேண்டிய நோயாளிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

1990 டிசம்பரில் முதல் முறையாக மனித இதயத்தில் அதைப் பொருத்தினார்கள். பிறகு சென்னையின் டிடிகே குழுமம் தயாரிப்பை ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இப்போது சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சித்திரைத் திருநாள் நிறுவனமும் சேர்ந்து கிளினிக்கல் எஞ்சினியரிங் எம்.டெக். படிப்பு நடத்துகின்றன. வலியத்தான் ஒரே வளாகத்தில் வைக்க நினைத்ததை மூன்று ஊர்களுக்கு விரித்த ஏற்பாடாகவே அதை நான் பார்க்கிறேன். அங்கே படிக்க வருகிறவர்களுக்கு வேலை மிச்சம் இருக்கிறது. உலோக வால்வு பொருத்தியவர் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் இளம்பெண்கள் ஏராளம். அந்த மாத்திரை வயிற்றில் வளரும் சிசுவைப் பாதிக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒருசேரப் பாதுகாப்பான, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய வால்வை இன்னும் யாரும் செய்து முடிக்கவில்லை.