பிங் வருது சார்!

நம்மில் பலர் வீட்டில் இது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். ஊரிலிருந்து அம்மா வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று வாய் திறந்தபடியே படம் நின்றுவிடும். "அங்க நெட் போச்சா, இங்க போச்சா?" என்று வீட்டில் ஒரு பட்டிமன்றம் ஆரம்பிக்கும். காலேஜ் படிக்கும் பையன் இருந்தால் லேப்டாப்பில் கருப்புத் திரையைத் திறந்து ஆங்கிலத்தில் நாலே எழுத்து தட்டுவான். "நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

அந்த நாலெழுத்துதான் பிங். "அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைக் கேட்பது. இருந்தால் "இருக்கேன்" என்று பதில் வரும். போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்ற கணக்கும் கூடவே வரும். அவ்வளவுதான் வேலை.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்துவிட்டு வங்கிக்கு வந்தவன். ஆனால் வங்கிக் கிளையில் குப்பை கொட்டியவர்களுக்கு பிங் தெரியாமல் இருக்க வழியில்லை. அதன் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கும் அதில் ஒரு சேதி இருப்பதாகத் தோன்றியது. அதனால் இந்தப் பதிவு.

மணியும் பதில் மணியும்

எங்கள் வாளையார்க்காரர்களுக்கு இதை ரயிலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கோயமுத்தூரையும் பாலக்காட்டையும் இணைக்கும் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. மலைத் தொடரில் இயற்கையே விட்டுவைத்த கணவாய் அது. 1862லேயே அந்த வழியில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் மதுக்கரை, எட்டிமடை, மறுபக்கம் கஞ்சிக்கோடு.

ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை அனுப்ப வேண்டுமென்றால் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் பிளாக் கருவி என்று ஒன்று இருக்கும். இந்த ஸ்டேஷனில் பொத்தானை அழுத்தினால் அடுத்த ஸ்டேஷனில் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். இரண்டு என்றால் பாதை காலியா என்ற கேள்வி. மூன்று என்றால் வண்டி புறப்பட்டுவிட்டது. நாலு என்றால் வந்து சேர்ந்துவிட்டது. இதில் முக்கியம், அந்தப் பக்கத்து மாஸ்டர் எத்தனை மணி கேட்டாரோ அத்தனை மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். திரும்பி வந்தால்தான் போய்ச் சேர்ந்தது என்று கணக்கு.

கம்ப்யூட்டர் வலையமைப்பைக் கட்டியவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் என்பவர் ஐ.சி.எம்.பி. என்ற விதிமுறையை எழுதி வெளியிட்டார். சரக்கு போகும் பாதையில் ஏதாவது கோளாறு என்றால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்வதற்கான விதிகள் அவை. அதில் 'எதிரொலி' என்று ஒரு ஜோடி உண்டு. எட்டாம் எண் செய்தி வந்தால், அதில் இருந்ததை அப்படியே பூஜ்ஜியம் எண் செய்தியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். மணிக்குப் பதில் மணி. ஆனால் அந்த மணியை ஒரு சாதாரண ஆள் அடிப்பதற்கு வசதியான பொத்தான் இல்லாமல் இருந்தது.

ஒரே இரவில் எழுதியது

அந்தப் பொத்தானைச் செய்தவர் மைக் மூஸ். அமெரிக்காவில் மேரிலாண்டில் ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1983 ஜூலையில் நார்வேயில் ஒரு கூட்டம். அங்கே டேவிட் மில்ஸ் என்ற பெரியவர், எதிரொலிச் செய்திகளை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை அளந்து பார்த்ததாகப் போகிறபோக்கில் சொன்னார். மூஸ் காதில் போட்டுக்கொண்டார்.

அதே வருஷம் டிசம்பரில் ஆய்வுக்கூடத்து வலையமைப்பு ஏதோ கிறுக்குத்தனம் செய்தது. மில்ஸ் சொன்னது ஞாபகம் வர, மூஸ் உட்கார்ந்து புரோகிராம் எழுத ஆரம்பித்தார். அவருடைய யூனிக்ஸ் இயந்திரத்தில் அந்த வகைச் செய்தியை அனுப்பவே வசதி இல்லை. அதையும் தானே எழுதிச் சேர்த்தார். ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் சோனார் ஒலி அனுப்பி எதிரொலி கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரையே புரோகிராமுக்கும் வைத்தார். அப்போது அவருக்கு வயது 25.

வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதி முடிப்பதற்குள் மூலக் கோளாறு வேறு வழியில் சரியாகிவிட்டது. எதற்காக எழுதினாரோ அதற்கு அது பயன்படவே இல்லை! பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அதை வாங்கித் தங்கள் யூனிக்ஸில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. காசு எதுவும் கேட்கவில்லை. தன் வாழ்நாளில் இதுதான் பேர் வாங்கித் தரப்போகிறது என்று தெரிந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் உட்கார்ந்து நன்றாகச் செய்திருப்பேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2000 நவம்பர் 20 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். வயது 42தான். யோசனைக்கு வித்திட்ட மில்ஸ் 2024 ஜனவரி வரை இருந்தார். உலகத்துக் கம்ப்யூட்டர் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்டுவதற்கு வழி செய்தவரும் அவர்தான்.

மூஸ் சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு அலுவலகத்தில் கேபிள் கோளாறு. விட்டுவிட்டு வரும், கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கிருந்த நிர்வாகி, ஒவ்வொரு பதில் வரும்போதும் கம்ப்யூட்டர் "பிங்" என்று வாயால் சொல்லும்படி செய்து, ஸ்டீரியோவை முழுச் சத்தத்தில் வைத்தார். பிறகு கட்டிடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். எங்கே ஆட்டியபோது சத்தம் நின்றதோ, அங்கேதான் கோளாறு.

மாடியில் கவிழ்த்த குடை

இந்தியாவுக்கு வருவோம். 1986ல் எர்நெட் என்ற கல்வி வலையமைப்பு தொடங்கியது. நம் ஐ.ஐ.டி. மெட்ராஸும் அதில் ஒன்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. வங்கிகளுக்கு விடிந்தது அதற்குப் பிறகுதான். ரிசர்வ் வங்கி ஹைதராபாத்தில் அமைத்த ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம் 1999ல் இன்ஃபினெட் என்ற தனி வலையமைப்பைத் தொடங்கியது. முதலில் எல்லாம் வி-சாட். கிளையின் மொட்டை மாடியில் குடையைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு தட்டு, அது வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளோடு பேசும்.

இங்கேதான் மில்லிசெகண்ட் கணக்கு சுவாரஸ்யமாகிறது. அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிளையிலிருந்து மேலே, மேலிருந்து ஹைதராபாத், பதில் மறுபடி மேலே, அங்கிருந்து கிளை. நாலு நடை. கிட்டத்தட்ட 1,43,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே போனாலும் 480 மில்லிசெகண்ட் ஆகும். எந்த எஞ்சினியர் வந்தாலும் அதைக் குறைக்க முடியாது. பக்கத்து ஊர்க் கிளைக்குத் தகவல் போக வேண்டுமென்றாலும் வானத்துக்குப் போய்த்தான் வர வேண்டும்.

கேபிள் வந்தபிறகு நிலைமை மாறியது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 2002ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போட்ட ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16, ஆக 32 மில்லிசெகண்ட். அடுத்த ஊர்க் கிளை அரை விநாடிக்கு மேல் தள்ளி, சிங்கப்பூர் கண் சிமிட்டும் நேரத்துக்குள்! வரைபடத்தில் பார்க்கும் தூரம் வேறு, பிங் காட்டும் தூரம் வேறு.

டிரையல் பேலன்ஸ் பாடம்

கோர் பேங்கிங் வந்த புதிதில் நான் ஊரில் ஒரு கிளையில் இருந்தேன். மாதத்தின் முதல் வாரம், பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் காலை ஒன்பதரைக்கே வரிசையில் இருப்பார்கள். லைன் நகராது. கணக்கு திறக்காது. இணைப்பைப் பராமரிக்கும் ஆளுக்குப் போன் போட்டால், அவர் அங்கிருந்து ஒரு தட்டு தட்டிவிட்டு நிம்மதியாகச் சொல்வார்: "பிங் வருது சார். லைன் ஓகே."

அவர் பொய் சொல்லவில்லை. பிங் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கணக்குகளைத் திறக்கும் மென்பொருள் அந்தப் பக்கம் மயங்கிக் கிடந்தது. பிங்குக்குப் பதில் சொல்வது இயந்திரத்தின் அடிப்படை வேலை, வாட்ச்மேன் மாதிரி. வாட்ச்மேன் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால் காஷியர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தமா?

பி.காம். படித்தவர்களுக்கு இது முதல் வருஷப் பாடம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ராமசாமி கணக்கில் போட வேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் போட்டாலும் டேலி ஆகும். டேலி ஆகாவிட்டால் தப்பு நிச்சயம் உண்டு. டேலி ஆனால், சில வகைத் தப்பு இல்லை என்று மட்டும்தான் தெரியும்.

பிங்கில் இன்னொரு சிக்கல், பதில் வராததையும் நம்ப முடியாது. 1996-97 வாக்கில் அளவுக்கு மீறிப் பெரிய பிங் பொட்டலத்தை அனுப்பி அடுத்தவர் கம்ப்யூட்டரை விழவைக்கும் விஷமம் பரவியது. அதற்கு 'மரண பிங்' என்றே பெயர். பொய் முகவரி போட்டு ஒரு பிங்குக்கு நூற்றுக்கணக்கான பதில்களை அப்பாவி ஒருவர் தலையில் கொட்டவைக்கும் வித்தையும் வந்தது. பார்த்தார்கள், நிறையப் பேர் பிங்குக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். 2004ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2, வெளியிலிருந்து வரும் பிங்கைத் தானாகவே தடுத்தது. ஆள் நல்லபடியாக இருப்பார், கதவைத் திறக்க மாட்டார்.

ஒற்றை டிக்

2008 ஜனவரி 30 அன்று எகிப்தில் அலெக்சாண்ட்ரியா பக்கம் கடலடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. இரண்டு நாள் கழித்து துபாய்க்கு அருகே ஃபால்கன் கேபிளும் போனது. கைவிடப்பட்ட ஒரு நங்கூரம்தான் அதை அறுத்தது என்று பிறகு தெரிந்தது. வளைகுடாவிலும் இந்தியாவிலும் இணையம் தள்ளாடியது. ஊரும் நன்றாக இருந்தது, நாமும் நன்றாக இருந்தோம். நடுவில் இருந்த நூல்தான் அறுந்தது.

2018 ஆகஸ்டை மறக்க முடியுமா? கேரளம் முழுக்க வெள்ளம். பாலக்காட்டிலும் தண்ணீர் ஊருக்குள் வந்தது. கொச்சி விமான நிலையம் 15ஆம் தேதி மூடியது 29ஆம் தேதிதான் திறந்தது. போகவும் முடியாது. வளைகுடாவில் இருந்த நம் ஆட்கள் ராத்திரி முழுக்க வாட்ஸப்பில் அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது டிக் விழுந்தால் போதும், போன் உயிரோடு இருக்கிறது. அதுவும் ஒரு பிங்தான். பலருக்கு அந்த இரண்டாவது டிக் நாள் கழித்து வந்தது. போனில் சார்ஜ் இல்லை, டவரில் கரண்ட் இல்லை. அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்த இடைவெளியில் மனசு எங்கெங்கோ போய்வந்துவிட்டது.

நம் அப்பா அம்மாக்களுக்கு மைக் மூஸைத் தெரியாது. ஆனால் பிங் தெரியும். "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு" என்று சொல்லித்தானே அனுப்பினார்கள்? ஒரு ரிங், கட். காசு கிடையாது. இருக்கேன் என்று மட்டும் சொல்லும்.

அந்த ஒரு ரிங்கில் அப்பாவின் முழங்கால் வலி தெரியாது. "நல்லா இருக்கேன்"னு தினமும் காலையில் குட்மார்னிங் படம் அனுப்புகிற அம்மா மாத்திரை போடுகிறாரா என்றும் தெரியாது. டேலி ஆகிறது என்று ஃபைலை மூடிவிடாமல், வாரத்துக்கு ஒரு நாளாவது உட்கார்ந்து வரவு செலவைக் கேளுங்கள். பதில் வராத நாளில் உடனே பதறாதீர்கள். பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

பி.கு: வீட்டில் நெட் போனால் சரிபார்க்கும் வரிசை இதோ. முதலில் உங்கள் ரூட்டரை பிங் செய்யுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1). பதில் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். பிறகு 8.8.8.8. அதற்குப் பதில் வந்தால் உங்கள் இணைப்பு வெளியே போகிறது. ஆனால் அந்த முகவரிக்கு உலகம் முழுக்கக் கிளைகள் உண்டு, பதில் பக்கத்திலிருந்துதான் வரும். ஊர் வரை போய்வந்ததாக நினைத்துவிடாதீர்கள். கடைசியாக இந்தியாவில் இருக்கும் ஏதாவது ஒரு தளம். அதற்கும் பதில் வந்து, அம்மா மட்டும் வரவில்லை என்றால் சாதாரணப் போனில் கூப்பிடுங்கள். அனேகமாக ஊரில் கரண்ட் போயிருக்கும்.