முகமற்ற படை: கிரேஹவுண்ட்ஸ் வரலாறு எழுப்பும் ஒரு கேள்வி

ஹைதராபாத்தின் தார்நாகாவை ஒட்டி உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம் விரிந்து கிடக்கிறது. இடதுசாரி மாணவர் தலைவர் ஜார்ஜ் ரெட்டி 1972 ஏப்ரல் 14 அன்று இவ்வளாகத்தில்தான் குத்திக் கொல்லப்பட்டார். அப்பத்தாண்டில் ஆந்திரக் கல்லூரி விடுதிகளிலிருந்து தலைமறைவு இயக்கங்களுக்குச் சென்ற மாணவர் பலர். 1980இல் கொண்டபள்ளி சீதாராமையா தொடங்கிய மக்கள் யுத்தக் கட்சிக்கு அவர்கள் வலுச் சேர்த்தனர். அக்கட்சியின் கெரில்லாக் குழுக்களை எதிர்கொள்வதற்காக 1989இல் ஆந்திரக் காவல்துறை உருவாக்கிய சிறப்புப் படையே கிரேஹவுண்ட்ஸ்.

இதனை நிறுவியவர் இந்தியக் காவல் பணி அதிகாரி கே. எஸ். வியாஸ். அதுவரை காவலர்கள் வாகனங்களில் சாலைவழியே பெருங்கூட்டமாகச் சென்றனர். கண்ணிவெடிக்கு அது எளிய இலக்கு. மேலும், அவர்கள் வரும் செய்தி அவர்களுக்கு முன்பே ஊரை எட்டிவிடும். கெரில்லாவை அவருடைய முறையிலேயே எதிர்கொள்வது என்பது புதிய படையின் அடிப்படையாயிற்று.

பயிற்சியும் அதற்கேற்ப அமைந்தது. மாநிலக் காவல்துறையிலிருந்து இளம் வயதினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சிறு குழுவாக நடப்பது, சுமையுடன் நெடுந்தொலைவு கடப்பது, இரவில் வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழியறிவது, சாலையைத் தவிர்ப்பது, சென்ற வழியில் திரும்பாதிருப்பது, சுமந்து சென்ற உணவைக் கொண்டே காட்டில் தங்குவது ஆகியவை கற்பிக்கப்பட்டன. சில ஆண்டுப் பணிக்குப்பின் வீரர்கள் வழக்கமான காவல் பணிக்குத் திரும்பினர். துப்பாக்கி சுடும் திறனைப் போலவே, தடயமின்றி வந்து செல்லும் திறனும் இப்படைக்கு இன்றியமையாததாக இருந்தது.

அத்திறன் பயன்படாத இடங்களில் இழப்பு நேர்ந்தது. 1993 ஜனவரி 27 அன்று வியாஸ் லால் பகதூர் விளையாட்டரங்கில் ஓட்டப்பயிற்சியில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 2008 ஜூன் 29 அன்று ஒடிசாவின் பலிமேலா நீர்த்தேக்கத்தில், தேடுதல் பணி முடிந்து திரும்பிய படகின்மீது குன்றுகளிலிருந்து தாக்குதல் நடந்தது. 38 பேர் மாண்டனர். மறைவிடமற்ற நீர்ப்பரப்பில் காட்டுப் பயிற்சி துணைநிற்கவில்லை.

எனினும் இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 2007 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் மாவட்டத்தின் வாகபள்ளியில், தேடுதலுக்கு வந்த கிரேஹவுண்ட்ஸ் காவலர்கள் தங்களை வன்புணர்ந்ததாகக் கோந்து பழங்குடிப் பெண்கள் 11 பேர் புகார் அளித்தனர். காவல்துறை மறுத்தது. 2023 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம், விசாரணையை எதிர்கொண்ட 13 பேரையும் விடுவித்தது. புலனாய்வு அதிகாரிகள் தம் கடமையில் தவறியதைச் சுட்டிய அத்தீர்ப்பு, பெண்களுக்கு இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோரை அடையாளம் காட்டும் அணிவகுப்பு நடத்தப்படவேயில்லை என்பது இவ்வழக்கில் எழுந்த முதன்மையான குறை.

பிற மாநிலங்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் படை இது. 2014இல் மாநிலம் பிரிந்தபின் தெலங்கானா, ஆந்திரம் இரண்டிலும் தொடர்கிறது. ஆனால் அதன் வெற்றியை ஆராய்வோர் கொல்லப்பட்டோர் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. காட்டில் வீரரின் உயிரைக் காப்பது அவர் அடையாளம் காணப்படாமை. நீதிமன்றத்திலோ சட்டம் இயங்குவதற்கு ஒரு பெயரும் ஒரு முகமும் வேண்டும். காட்டிலிருந்து திரும்பும் படைக்கு அவ்விரண்டையும் மீண்டும் அளிக்கும் நடைமுறையை அரசு உருவாக்கியதா என்பதே வாகபள்ளி விட்டுச்சென்ற கேள்வி.