கிறிஸ்துமஸ் துணி: தேரிக்காட்டிலிருந்து திருப்பூர் வரை

திருப்பூரில் கிறிஸ்துமஸ் வருஷத்துக்கு இரண்டு முறை வரும்.

முதல் கிறிஸ்துமஸ் ஆடி மாசம். ஆடிக்காத்து ரோட்டுப் புழுதியை வாரி இறைக்கிற நாளில், பனியன் கம்பெனிக்குள்ளே கட்டிங் டேபிள் பூராவும் சிவப்புத் துணி விரிந்து கிடக்கும். பிரிண்டிங் பட்டறையில் கலைமானும் பனிமனிதனும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஐரோப்பா, அமெரிக்கக் கடைகளில் அக்டோபர், நவம்பரிலேயே சரக்கு தொங்க வேண்டும். கப்பல் போய்ச் சேர ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும்.

இரண்டாவது கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. தமிழ்க் கணக்கில் மார்கழி 9 அல்லது 10. அந்தச் சிவப்புத் துணியைத் தைத்தவர்களில் பலர் அன்றைக்குத் திருப்பூரில் இருக்கமாட்டார்கள். நாசரேத், சாத்தான்குளம், திசையன்விளை என்று தெற்கே போயிருப்பார்கள்.

இந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் நடுவே ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. சுமார் 200 வருஷம் பின்னால் போனால் அது தெரியும்.

பனியன் ஊரும் வந்தேறிகளும்

திருப்பூரில் பனியன் தொழில் 1920-களில் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு வெள்ளை பனியனும் ஜட்டியும்தான், அதுவும் உள்நாட்டு விற்பனைக்கு. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் டி-சர்ட் வாங்க வந்தது, 1981-ல் ஐரோப்பாவின் பெரிய சில்லறைக் கடை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது என்று ஏற்றுமதிக் கதையை ஊரில் சொல்லுவாங்க. அதற்குப் பிறகு வேலைக்கு ஆள் போதவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

தெற்கிலிருந்து வந்தவர்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள். எங்க அப்பாவும் அப்படி 1980-களில் வந்தவர்தான். ஓவர்லாக் டைலர். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை வரைக்கும், அதாவது ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். வருஷத்தில் எந்தப் பண்டிகைக்கும் ஊருக்குப் போகாமல் இருப்பார், கிறிஸ்துமஸுக்கு மட்டும் போய்விடுவார்.

அந்த ஊர்ப்பக்கம் கிறிஸ்தவம் வேர் பிடித்த காலம் பழையது. நெல்லைச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர் முதலூர். 1799-ல் குடியேறினார்கள், பேரிலேயே அது இருக்கிறது. (இன்றைக்கு அந்த ஊருக்கு மஸ்கோத் அல்வாதான் விளம்பரம்.) அதற்கப்புறம் பனங்காட்டுக்கும் தேரி மணலுக்கும் நடுவே நாசரேத், எருசலேம், பெத்லகேம் என்று வேதாகமப் பேர்களில் ஊர்கள் எழுந்தன. பனையேறிப் பிழைத்த ஏழை ஜனங்கள்தான் அங்கே பெரும்பாலும்.

ஊசி வந்த வழி

இப்போது துணிக்கு வருவோம்.

1819 வாக்கில் லண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி. அடுத்த சில வருஷங்களில் மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். நூல், குண்டூசி, மரக்கட்டைகள் கொண்டு பின்னும் நுணுக்கமான வேலை அது. அந்த லேஸை வாங்கியவர்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கட்டித் தன்னைத்தானே மீட்டுக்கொண்ட பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். 1844-ல் அவரைக் கல்யாணம் செய்தவர் ராபர்ட் கால்டுவெல். ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். அவர் வேலை பார்த்த இடையன்குடி தேரி மணலை ஒட்டிய ஊர். அம்மாவிடம் கற்ற லேஸ் வேலையை எலைசா அங்கே கொண்டுபோனார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் தொடங்கினார். கால்டுவெல்லின் புத்தகம் எல்லாருக்கும் தெரியும், எலைசாவின் ஊசி அந்த அளவுக்குத் தெரியாது.

தூர தேசத்து வாங்குபவருக்காக, தான் ஒருபோதும் உடுத்தப்போகாத உடுப்பை அளவு பிசகாமல் தைத்துக் கொடுப்பது தமிழ்நாட்டின் தென்கோடிப் பெண்களுக்கு ஏறத்தாழ 200 வருஷத்து அனுபவம். திருப்பூரின் 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்ற வார்த்தை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த வேலை அங்கே நடந்திருக்கிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே நாகர்கோவில் வட்டாரத்தில்தான், லேஸ் பின்னிய பெண்களின் சாதி சனம் தங்கள் மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்தது. மிஷன் பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை அணிந்ததற்கு அடியும் உதையும் வாங்கினார்கள். 1820-களில் தொடங்கிய தோள்சீலைக் கலகம் 1858 டிசம்பர் கடைசியிலும் 1859 ஜனவரியிலும் உச்சத்துக்குப் போனது. கிறிஸ்துமஸும் புது வருஷமும் வருகிற அதே நாட்கள். 1859 ஜூலை 26-ல் அரசாணை வந்து மேலாடை அணியலாம் என்றது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக்கூடாது என்று ஒரு வாலை ஒட்டவைத்தது.

ஆச்சி வைத்திருந்த கணக்கு

இதை வாசித்தபிறகுதான் எங்க ஆச்சியின் பிடிவாதம் எனக்குப் புரிந்தது. ஆச்சிக்கு கிறிஸ்துமஸ் என்றால் முதலில் துணி. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் அதற்கு அப்புறம். கடன் வாங்கியாவது எல்லாருக்கும் புதுத்துணி எடுக்க வேண்டும். எடுத்த துணியை 24-ம் தேதி ராத்திரி குடும்ப ஜெபத்தில் நடுவில் அடுக்கி வைத்து, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். விடியுமுன்னே ஆராதனை. மார்கழிக் குளிரில் பம்பு செட் தண்ணியில் குளித்து, கஞ்சி மொடமொடப்பு போகாத சட்டையோடு கோயிலுக்கு ஓட வேண்டும். "வருசத்துல ஒரு நா நாம முழுசா உடுத்தி அவர் முன்னால நிக்கணும்ல" என்பாள்.

அந்த 'முழுசா' என்ற வார்த்தையில் நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் புதுத்துணியை வெறும் ஆடம்பரம் என்று பிரசங்கத்தில் கண்டிப்பவர்கள் உண்டு. கடன் சுமையைப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உடுத்தும் உரிமைக்கே அடி வாங்கிய ஜனங்களுக்கு அது வேறு கணக்கு.

இருபத்துநாலாம் தேதி பஸ்

திருப்பூரில் கம்பெனி காலண்டர் தீபாவளியைச் சுற்றித்தான் ஓடும். போனஸும் அப்போதுதான். ஆகவே கிறிஸ்தவத் தொழிலாளியின் கிறிஸ்துமஸ் துணி தீபாவளி போனஸில் எடுத்து இரண்டு மாசம் பீரோவில் தூங்கும். தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் 1958-ல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, பண்டிகைக்கு ஐந்து நாள் லீவு என்கிறது. அந்த ஐந்தில் கிறிஸ்துமஸ் வருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வந்தாலும் ஒரு நாள்தான். கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் 24-ம் தேதி சாயங்காலம் ஏறினால் விடிகாலை ஆராதனைக்குப் போய்ச் சேரலாம், மறுநாள் ராத்திரியே திரும்ப வேண்டும்.

ஆகஸ்டில் கலைமான் டி-சர்ட்டை ஏற்றிய கன்டெய்னர் பெரும்பாலும் போவது தூத்துக்குடித் துறைமுகத்துக்கு. தைத்தவர் சொந்த ஊருக்குப் போகிற அதே தெற்குத் திசையில், அவருக்கு நாலு மாசம் முன்னாலேயே துணி போய்விடுகிறது.

போக முடியாதவர்களும் உண்டு. அவர்களால் குமரன் ரோட்டு புனித கத்தரீனம்மாள் ஆலயம் போன்ற திருப்பூர்க் கோயில்கள் அந்த இரவில் நிரம்பும். இப்போது ஜார்க்கண்ட், ஒடிசாப் பழங்குடி கிறிஸ்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். ராஞ்சியில் ஜெர்மன் மிஷனரிகள் 1845-ல் வந்து இறங்கிய வரலாற்றின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஊருக்குப் போக அவர்களுக்கு ஒரு ராத்திரி போதாது, இரண்டு நாள் ரயில் வேண்டும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குத்தான். ஷிப்ட் குறைந்தால் சனிக்கிழமை சம்பளம் குறையும். முதல் கிறிஸ்துமஸ் சரியாக நடக்காவிட்டால் இரண்டாவது கிறிஸ்துமஸ் துணி வராது.

லூக்கா எழுதிய பிறப்புக் கதையைக் கவனித்துப் பாருங்க. அதில் நட்சத்திரம் கிடையாது, அது மத்தேயுவில் வருவது. ராஜ கட்டளைக்காகத் தூரம் போன ஒரு குடும்பம், தங்க இடமில்லாத இரவு, பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தும் ஒரு தாய். ராத்திரி வேலையில் இருந்த மேய்ப்பர்களுக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டதும் அந்தத் துணியும் முன்னணையும்தான். மார்த்தா மால்ட்டின் பள்ளிப் பெண்களுக்கும் எங்க ஆச்சிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த எங்க அப்பாவுக்கும் அந்த அடையாளத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.